துரிசும் கத்தியும்: ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் கற்பிக்க ஒரு வழி

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வேதிப்பிணைப்புப் பாடத்தின் இறுதியில் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் வருகின்றன. பார்ப்பதற்குச் சிறிய பகுதி. ஆனால் பத்தாம் வகுப்பில் இடப்பெயர்ச்சி வினை, உலோகவியல், உலோக அரிமானம் ஆகியவையும், மேல்நிலையில் மின்வேதியியலும், உயிரியலில் சுவாசித்தலும் ஒளிச்சேர்க்கையும் இதன் மேல்தான் நிற்கின்றன. இங்கே அடித்தளம் ஆடினால் மேலே கட்டுவது எல்லாம் ஆடும்.

மாணவர்கள் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்து விடுகிறார்கள். ஆக்சிஜனைச் சேர்த்தல், ஹைட்ரஜனை நீக்குதல், எலக்ட்ரானை இழத்தல் என்று மூன்று வரி. அதைத் திருப்பிப் போட்டால் ஒடுக்கத்திற்கு மூன்று வரி. ஆறு வரிகளையும் பிழையின்றி எழுதும் மாணவரிடம், “காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் எது ஆக்சிஜனேற்றம் அடைகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் சல்பேட்டில் உள்ள நான்கு ஆக்சிஜனைத் தேடிப் போவார்கள். “சல்பேட்டில் இருக்கும் ஆக்சிஜன் இரும்போடு சேருகிறது சார்” என்ற பதில் என் வகுப்பில் ஆண்டுதோறும் வருகிறது. அந்த வினையில் சல்பேட் அப்படியே இருக்கிறது. அதன் ஆக்சிஜன் எங்கும் போவதில்லை. ஆனாலும் மாணவரின் பதிலைக் குறை சொல்ல முடியாது. பெயரிலேயே ஆக்சிஜன் இருக்கும்போது அவர் ஆக்சிஜனைத்தான் தேடுவார்.

இந்தத் தேடலை எலக்ட்ரானின் பக்கம் திருப்புவது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கருங்கல் வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நான்கு பாடவேளைகளில் நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன். பிற மாவட்ட ஆசிரியர்கள் தங்கள் ஊர்ப் பொருள்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் வந்த வழி

மூன்று வரையறைகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எரிதல் என்பது காற்றில் உள்ள ஒரு வாயுவோடு பொருள் சேர்வதே என்று 1770-களில் லவாய்சியர் நிறுவினார். அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டவரும் அவரே. அதனால் ஆக்சிஜனோடு சேர்வது ஆக்சிஜனேற்றம் ஆயிற்று. ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897-இல். அதாவது பெயர் வைக்கப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே, உண்மையில் அங்கே நடப்பது எலக்ட்ரான் பரிமாற்றம் என்று விளக்க வழி பிறந்தது. பொருள் விரிந்தது, பழைய பெயர் நிலைத்துவிட்டது.

ஒடுக்கம் என்ற சொல்லின் கதை இன்னும் பழையது. தாதுவை உருக்கி உலோகம் எடுத்தால், கிடைக்கும் உலோகத்தின் எடை தாதுவின் எடையைவிடக் குறைவாக இருக்கும். எடை ஒடுங்குகிறது. இந்த வேலையைத் தமிழ் மண் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பைக் கொண்டு, இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டு செல்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் டைஆக்சைடாகப் போகிறது, இரும்பு மிஞ்சுகிறது. மாணவர் இதை ஆக்சிஜன் கணக்காகவே படிக்கட்டும். பின்னால் இதே வினையை எலக்ட்ரான் கணக்காக மீண்டும் பார்க்கப் போகிறோம்.

விவசாயிகள் செய்யும் சோதனை

கன்னியாகுமரி மாவட்டத்தில் துரிசு தெரியாத வீடு குறைவு. ரப்பர் மரங்களில் மழைக்காலத்து இலையுதிர்வு நோயைத் தடுக்கவும், தென்னையில் குருத்தழுகலுக்குப் பசையாகத் தடவவும், கமுகில் காய் அழுகலுக்குத் தெளிக்கவும் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பயன்படுகிறது. துரிசு என்பது நம் பாடநூலில் வரும் காப்பர் சல்பேட்தான். பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடிகளைத் தாக்கிய பூஞ்சை நோய்க்கு இக்கலவை பயன்படுவதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885-இல் வெளியிட்டார். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ துரிசு, 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான அளவு.

இதில் நமக்கு வேண்டியது கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை. நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சற்று நேரம் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அந்தக் கலவையைத் தெளித்தால் இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேர்த்து, கத்தியில் நிறம் படியாத நிலை வரும்வரை பார்ப்பார்கள். கலவையை இரும்புப் பாத்திரத்தில் தயாரிக்கக் கூடாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

“வீட்டில் மருந்து கலக்கும்போது கத்தியை முக்கிப் பார்ப்பார்களா?” என்று வகுப்பில் கேட்டால் சில கைகளாவது உயரும். “எங்க அப்பா பாப்பாரு சார், சிவப்பா வந்தா இன்னும் சுண்ணாம்பு போடுவாரு” என்று ஒரு மாணவர் சொன்ன பிறகு பாடம் நடத்துவது எளிதாகிவிடுகிறது. கத்தியில் படிந்த அந்தச் சிவப்பு என்ன? அது எங்கிருந்து வந்தது? அதற்கு ஈடாகக் கத்தியிலிருந்து என்ன போனது? இந்த மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்கலாம்.

முதல் பாடவேளை: ஆணியும் துரிசும்

தேவையானவை: துரிசு 5 கிராம், தண்ணீர் 250 மில்லி லிட்டர், துத்தநாகப் பூச்சு இல்லாத சாதாரண இரும்பு ஆணிகள், உப்புத்தாள், கண்ணாடி டம்ளர்கள்.

ஆணிகளை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து நீலக் கரைசலில் பாதி மூழ்கும்படி நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் மூழ்கிய பகுதியில் செம்பழுப்புப் படிவு தோன்றும். இன்னொரு டம்ளரில் சிறிதளவு கரைசலை நீர்விட்டு மேலும் வெளிறச் செய்து, ஏழெட்டு ஆணிகளைப் போட்டு மறுநாள் வரை வைத்தால் நீல நிறம் மங்கி வெளிர் பச்சைக்கு மாறுவதைக் காணலாம்.

இங்கே மாணவர்கள் தாங்களே இரண்டு கூற்றுகளுக்கு வர வேண்டும். நீல நிறம் கரைசலில் இருந்த தாமிர அயனியால் வந்தது. அது மங்கியதால் தாமிர அயனி குறைந்திருக்கிறது. ஆணியில் படிந்தது தாமிர உலோகம். அப்படியானால் இரண்டு நேர்மின் சுமை கொண்ட தாமிர அயனி, சுமையற்ற தாமிர அணுவாக மாற இரண்டு எலக்ட்ரான்கள் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கொடுக்கக்கூடியது ஆணி மட்டுமே. இப்போது கரும்பலகையில் எழுதலாம்.

இரும்பு → இரும்பு (2+) அயனி + 2 எலக்ட்ரான்கள்
தாமிர (2+) அயனி + 2 எலக்ட்ரான்கள் → தாமிரம்

முதல் வரி ஆக்சிஜனேற்றம், இரண்டாம் வரி ஒடுக்கம். இரண்டு வரிகளிலும் ஆக்சிஜன் இல்லை, சல்பேட்டும் இல்லை. ஒன்று கொடுக்காமல் மற்றொன்று வாங்க முடியாது என்பதால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். நினைவில் வைக்க என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வரி: “இழந்தால் ஏற்றம், பெற்றால் ஒடுக்கம்.”

வெளிர் பச்சைக் கரைசலைக் கொட்டிவிட வேண்டாம். திறந்தபடி ஓரிரு நாள் வைத்தால் அது மஞ்சள் கலந்த பழுப்பாகி, அடியில் துருநிறக் கலங்கல் சேரும். இரும்பு (2+) அயனி காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்து இரும்பு (3+) ஆகியிருக்கிறது. இறைத்தபோது தெளிவாக இருந்த கிணற்றுத் தண்ணீர் வாளியில் வைத்தால் சிவப்பேறும் ஊர்களில் நடப்பதும் இதுதான். ஒரே டம்ளரில் முதல் நாள் இரும்பிடமிருந்து எலக்ட்ரானை வாங்கியது தாமிரம். அடுத்து வாங்கியது ஆக்சிஜன். வாங்குபவர் பட்டியலில் ஆக்சிஜனும் ஒருவர், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் மாணவர் மனத்தில் பெயரும் பொருளும் பிரிகின்றன.

எச்சரிக்கை: துரிசு நச்சுப் பொருள். ஆசிரியரே எடுத்துத் தர வேண்டும். உணவுப் பாத்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது. முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். மிஞ்சிய கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. ஆணிகளைப் போட்டு நீலம் முற்றிலும் மங்கிய பின் சுண்ணாம்பு சேர்த்து, படிவைத் தனியே அகற்ற வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: எலக்ட்ரான் உண்மையிலேயே போகிறதா?

“எலக்ட்ரான் போகிறது என்று நாம் சொல்கிறோம், பார்த்தோமா?” என்ற கேள்வியை ஒரு நல்ல மாணவர் கேட்பார். யாரும் கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். பதிலுக்கு ஒரு மண் குவளை போதும்.

மெருகூட்டாத சிறிய மண் குவளையைத் தண்ணீரில் ஊறவைத்து, அதனுள் துரிசுக் கரைசலை ஊற்றித் தேய்த்த தாமிரக் கம்பியை நிறுத்த வேண்டும். குவளையை உப்புத் தண்ணீர் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, உப்புத் தண்ணீரில் இரும்பு ஆணியை நிறுத்த வேண்டும். குவளைச் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே அயனிகள் நகரும். ஆனால் இரு கரைசல்களும் விரைவில் கலந்துவிடாது. ஆணியையும் தாமிரக் கம்பியையும் மல்டிமீட்டரில் இணைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். டேனியல் 1836-இல் அமைத்த மின்கலத்தின் எளிய வடிவம் இது. அவர் துத்தநாகத்தைப் பயன்படுத்தினார். நாம் இரும்பு ஆணியைப் பயன்படுத்துகிறோம்.

இரும்பும் துரிசுக் கரைசலும் இங்கே ஒன்றையொன்று தொடவே இல்லை. இருந்தும் வினை நடக்கிறது, ஏனெனில் எலக்ட்ரான் கம்பி வழியே சுற்றிப் போகிறது. கம்பியைக் கழற்றினால் அந்தப் பரிமாற்றம் நின்றுவிடும். கரைசலில் நேராக நடந்தால் இடப்பெயர்ச்சி வினை. கம்பி வழியே நடக்கவிட்டால் மின்கலம். இதைப் பார்த்த மாணவருக்கு மேல்நிலை வகுப்பின் மின்வேதியியல் அந்நியமாகத் தோன்றாது. இரும்பு ஆணிக்குப் பதில் துத்தநாகப் பூச்சு உள்ள ஆணியை வைத்தால் மல்டிமீட்டர் இன்னும் அதிகம் காட்டும். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும் என்பதற்கு அதுவே சான்று. குறித்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறம் மாறினால் எல்லாம் ஆக்சிஜனேற்றமா?

இதே பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் போர்டோ கலவையையே தயாரித்துக் காட்டலாம். 5 கிராம் துரிசு கரைத்த 250 மில்லி லிட்டர் நீரை, 5 கிராம் சுண்ணாம்பு கரைத்த 250 மில்லி லிட்டர் நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். தெளிந்த நீலம் போய் வெளிர் நீலக் குழம்பு வரும்.

காப்பர் சல்பேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → காப்பர் ஹைட்ராக்சைடு + கால்சியம் சல்பேட்

இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா? நிறம் மாறியது, வீழ்படிவு வந்தது, ஆக்சிஜன் உள்ள சேர்மங்களும் இருக்கின்றன. எனவே பெரும்பாலோர் “ஆம்” என்பார்கள். தாமிரம் முன்பும் 2+, பின்பும் 2+. எலக்ட்ரான் கைமாறவில்லை. ஆகவே இது அந்த வகை வினை அல்ல. அயனிகள் இணை மாறிய வீழ்படிவாதல் வினை. இப்போது தேய்த்த கத்தியை முக்கினால் சிவப்பு படியாது. கரைசலில் தனித்துத் திரிந்த தாமிர அயனிகள் எல்லாம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிட்டன. கத்தியிடம் எலக்ட்ரான் வாங்க அங்கே ஆள் இல்லை. இதோடு விவசாயியின் சோதனைக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. எது இந்த வகை வினை, எது இல்லை என்று பிரித்தறிய ஒரே பொருளில் இரண்டு எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது. துரிசு அதைத் தருகிறது.

மூன்றாம் பாடவேளை: ஆக்சிஜனேற்ற எண்

எலக்ட்ரானை இழந்தால் எண் ஏன் ஏறுகிறது என்பது பல மாணவர்களுக்குப் புரியாத இடம். இழந்தால் குறையத்தானே வேண்டும்? நான் கடனைக் கொண்டு விளக்குகிறேன். எலக்ட்ரான் எதிர்மின் சுமை, ஆகவே அது கடன் போன்றது. ஒருவரிடமிருந்து 2 ரூபாய் கடன் கழிந்தால் அவர் நிலை 2 ரூபாய் ஏறும். கடன் கூடினால் நிலை ஒடுங்கும். ‘ஏற்றம்’, ‘ஒடுக்கம்’ என்ற தமிழ்ச் சொற்கள் இங்கே நமக்கு உதவுகின்றன: எண் ஏறினால் ஆக்சிஜனேற்றம், எண் ஒடுங்கினால் ஒடுக்கம்.

விதிகளைச் சொன்னபின் பயிற்சிக்கு நம் கடற்கரை மணலையே எடுக்கலாம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதே மணலில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். ஓர் இரும்பு, ஒரு டைட்டானியம், மூன்று ஆக்சிஜன் சேர்ந்த கனிமம் அது. மூன்று ஆக்சிஜனுக்கு −6. இரும்பு +2 என்றால் டைட்டானியம் எவ்வளவு? +4 என்று மாணவர் கணக்கிடுவார். மணல் அள்ளுவது பற்றி இப்பகுதி மக்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அந்த விவாதத்தை எந்தப் பக்கம் நின்று கேட்கவும், மணலில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது மாணவருக்கு நல்லது.

டைட்டானியம் +4-இலிருந்து 0-க்கு எப்படி வருகிறது? தாதுவை முதலில் டைட்டானியம் டெட்ராகுளோரைடாக மாற்றுகிறார்கள். பிறகு வில்லியம் க்ரோல் உருவாக்கிய முறைப்படி, உருகிய மக்னீசியத்தோடு வினைபுரியச் செய்கிறார்கள்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு + 2 மக்னீசியம் → டைட்டானியம் + 2 மக்னீசியம் குளோரைடு

கேரளத்தின் கொல்லம் மாவட்டம் சவறையில் 2011-இல் தொடங்கப்பட்ட டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை இம்முறையில் இயங்குவதே. இந்த வினையில் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றின் ஆக்சிஜன் பட்டால் உலோகம் கெட்டுவிடும் என்பதால் ஆர்கான் வாயுச் சூழலில் இதைச் செய்கிறார்கள். ஆக்சிஜனை வேண்டுமென்றே வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் வினை. ஆனாலும் அதனுள் மக்னீசியம் 0-இலிருந்து +2-க்கு ஏறி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ‘ஆக்சிஜன் இல்லாத ஆக்சிஜனேற்றம்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இப்போது சிவகளை உலைக்குத் திரும்பலாம். இரும்பு ஆக்சைடில் இரும்பு +3; உலோகமானதும் 0. கார்பன் மோனாக்சைடில் கார்பன் +2, டைஆக்சைடில் +4. ஒரு மூலக்கூறு அளவில், இரண்டு இரும்பு பெற்றது 6 எலக்ட்ரான். மூன்று கார்பன் இழந்தது 6 எலக்ட்ரான். ஆக்சிஜன் கணக்கில் பார்த்த அதே வினை எலக்ட்ரான் கணக்கிலும் சரியாக நிற்கிறது. பழைய வரையறை தவறல்ல; புதியதற்குள் அடங்கிவிட்டது என்பதை மாணவர் தாமே காண்பார்.

நான்காம் பாடவேளை: கடற்கரையில் இரும்பு

எங்கள் பள்ளிக்குச் சில கிலோமீட்டரில் கடல். தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களின் வீடுகளில் ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி எல்லாம் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். துருப்பிடித்தலை “இரும்பு + ஆக்சிஜன் + நீர்” என்ற ஒற்றை வரியில் முடிக்காமல் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

இரும்பு → இரும்பு (2+) அயனி + 2 எலக்ட்ரான்கள்
ஆக்சிஜன் + 2 நீர் + 4 எலக்ட்ரான்கள் → 4 ஹைட்ராக்சைடு அயனிகள்

இந்த இரண்டும் இரும்பின் வெவ்வேறு இடங்களில் நடக்கலாம். எலக்ட்ரான் இரும்பினூடே போகும். அயனிகள் ஈரத்தினூடே போகும். அதாவது துருப்பிடிக்கும் ஒவ்வோர் ஆணியும் நாம் மண் குவளையில் செய்த மின்கலம் போன்றதே. உப்பு என்ன செய்கிறது? ஈரத்தின் மின்கடத்தும் திறனைக் கூட்டி அயனிகள் நகர வழி செய்கிறது. குளோரைடு அயனி, இரும்பின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் குலைக்கிறது. கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி துருப்பிடித்தால், துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால்தான் கூரையின் அடிப்பூச்சு பிளந்து விழுகிறது. கழுவாத கடல் மணலில் கட்டக் கூடாது என்பதன் காரணமும் இதுவே.

ஆணிகளைக் கொண்டு எளிய சோதனை செய்யலாம். ஒன்றில் தாமிரக் கம்பி சுற்றி, ஒன்றில் துத்தநாகப் பூச்சுக் கம்பி சுற்றி, ஒன்றைச் சும்மா, மூன்றையும் உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் வைக்க வேண்டும். தாமிரம் சுற்றியது அதிகம் துருப்பிடிக்கும். துத்தநாகம் சுற்றியதில் துருவுக்குப் பதில் வெண்மையான படிவு வரும். இரும்புக்கு முன்பாகத் துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் கரைகிறது. இரும்பு உடல் கொண்ட படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும், தேய்ந்ததும் மாற்றுவதும் இதற்காகவே.

பாம்பனையும் இங்கே சொல்லலாம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் கடற்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. இத்துறையில் ஆய்வு செய்ய நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்ப் படிக்கலாம் என்று ஒரு மாணவருக்காவது தோன்றட்டும்.

உயிரோடு தொடர்புடைய ஒரு வினை

இந்தப் பாடத்தில் தவறாமல் சொல்ல வேண்டிய ஒன்று ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும். வீட்டிலும் பள்ளியிலும் கழிப்பறையைச் சுத்தம் செய்யும்போது, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாக வெளுக்கும் என்று நினைத்துக் கலப்பவர்கள் உண்டு. ப்ளீச்சிங் பவுடரில் ஹைப்போகுளோரைட்டாக உள்ள குளோரின் +1. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளோரின் −1. இரண்டும் சேர்ந்தால் இடையில் 0-வில் வந்து நிற்கும். 0 என்றால் குளோரின் வாயு. மூடிய கழிப்பறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் செய்முறையாகக் காட்டவே கூடாது. கணக்காக மட்டும் செய்துவிட்டு, “இன்று வீட்டில் போய்ச் சொல்ல வேண்டிய பாடம் இது” என்று சொல்ல வேண்டும். பள்ளித் தூய்மைப் பணியாளர்களிடமும் மாணவர்களைக் கொண்டே எடுத்துச் சொல்ல வைக்கலாம்.

மாணவர் தடுமாறும் இடங்கள்

1. ‘ஆக்சிஜனேற்றி ஆக்சிஜனேற்றம் அடையும்’ என்ற எண்ணம். தரையைத் துடைக்கும் துணியை நினைவூட்டலாம். அது தரையின் அழுக்கை நீக்கும். தான் அழுக்கை ஏற்கும். ஆக்சிஜனேற்றி பிறரின் எலக்ட்ரானை நீக்கும். தான் அதை ஏற்று ஒடுக்கமடையும்.

2. ஆக்சிஜனேற்ற எண்ணும் அயனியின் மின்சுமையும் ஒன்றே என்ற எண்ணம். கார்பன் மோனாக்சைடில் கார்பன் +2 என்பது கணக்கிற்கான எண். அங்கே கார்பன் அயனி தனியே இல்லை. குறியை எண்ணுக்கு முன்னே எழுதினால் ஆக்சிஜனேற்ற எண், பின்னே எழுதினால் மின்சுமை என்ற வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும்.

3. ஆக்சிஜன் எப்போதும் −2 என்ற எண்ணம். ஹைட்ரஜன் பெராக்சைடில் −1, ஆக்சிஜன் வாயுவில் 0 என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

4. இரண்டில் ஒன்று தனியாக நடக்கும் என்ற எண்ணம். அரைவினைகளை எப்போதும் இணையாக எழுதப் பழக்கினால் இது தானே மறையும்.

மதிப்பீட்டிற்கு ஐந்து வினாக்கள்

1. இரும்பு வாளியில் போர்டோ கலவை தயாரித்தால் வாளிக்கும் கலவைக்கும் என்ன ஆகும்? அரைவினைகளுடன் எழுதுக.
2. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் ஆகிறது. இதில் எலக்ட்ரான் பரிமாற்றம் உண்டா? ஆக்சிஜனேற்ற எண் கொண்டு காட்டுக.
3. துத்தநாகக் கட்டி பொருத்திய படகில் கட்டி முழுதும் கரைந்த பின் என்ன நடக்கும்?
4. மக்னீசியம் குளோரின் வாயுவில் எரிகிறது. ஆக்சிஜனேற்றி எது? ஒடுக்கி எது?
5. வாளியில் வைத்த கிணற்று நீர் சிவப்பாக மாறியது. இரும்பின் எண் எதிலிருந்து எதற்கு மாறியது?

இரண்டாம் வினாவுக்கு ‘இல்லை’ என்று எழுதிக் காரணமும் சொல்லும் மாணவர் இப்பாடத்தைப் புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். கார்பன் முன்பும் +4, பின்பும் +4. நிறமாற்றத்தையும் ஆக்சிஜனையும் கண்டு ஏமாறாமல் எலக்ட்ரானைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு விடை போதும்.

நான்கு பாடவேளை என்பது இந்தச் சிறிய பகுதிக்கு அதிகம் என்று தோன்றலாம். பத்தாம் வகுப்பில் உலோகவியலும் அரிமானமும் வரும்போது அந்த நேரம் நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. அங்கே புதிதாக விளக்க வேண்டியது பாதியாகக் குறைகிறது. நெசவு ஊர்களில் சாயமிடுதல், உப்பளப் பகுதிகளில் இரும்புக் கருவிகள், நகைத்தொழில் நடக்கும் ஊர்களில் முலாம் பூசுதல் என்று ஒவ்வோர் ஊரிலும் எலக்ட்ரான் கைமாறும் வேலை ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைச் செய்பவர்களில் சிலர் நம் மாணவர்களின் பெற்றோர். அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்ததற்குக் காரணம் சொல்லும் அறிவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் வேலை.